தகவல்படம் செய்யச் சொன்னால் அலங்காரம் வருகிறது: வகுப்பில் இன்ஃபோகிராஃபிக் கருவிகள்

சுண்ணக்கட்டி

எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். போன மாதம் "பூமியில் உள்ள நீர்" பாடத்துக்குப் பிள்ளைகளைத் தகவல்படம் செய்யச் சொன்னேன். கேன்வா என்ற இணைய வடிவமைப்புக் கருவியில் கணக்கு இருந்தது, கணினி அறையும் கிடைத்தது. 3 பீரியட் ஒதுக்கினேன். 31 படங்கள் வந்தன. எல்லாமே பார்க்க அழகு. சுவரில் ஒட்டினால் போகிற வருகிற யாரும் நின்று பார்ப்பார்கள், அப்படி.

அப்புறம்தான் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பாதிக்கு மேல் ஒரே டெம்ப்ளேட், நீலப் பின்னணி, ஓரத்தில் அலை. ஒரு மாணவியின் படத்தில் அடுத்தடுத்து இரண்டு நீர்த்துளிகள். ஒன்றின் கீழ் 97%, இன்னொன்றின் கீழ் 3%. இரண்டும் ஒரே அளவு. "ஏம்மா, 97-உம் 3-உம் ஒரே துளியா?" என்று கேட்டேன். "டெம்ப்ளேட்டில் அப்படித்தான் இருந்தது டீச்சர், நான் எண்ணை மட்டும் மாற்றினேன்" என்றாள். அந்த 3-இல் நாம் எடுத்துப் பயன்படுத்தக்கூடியது எவ்வளவு என்று கேட்டதற்குப் பதிலே இல்லை.

3 பீரியடில் 2 பீரியட் நிறமும் எழுத்துருவும் தேடுவதிலேயே போனது. தகவல்படத்தால் பாடம் நன்றாகப் பதியும் என்று பயிற்சி வகுப்புகளில் சொல்கிறார்கள். எனக்கு நடந்தது நேர்மாறு. கருவி தவறா, நான் கொடுத்த வேலை தவறா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கடைசிபெஞ்ச்

3-இல் 2 பீரியட் நிறம் தேர்ந்தெடுக்கவா? கவலைப்படாதீர்கள் டீச்சர், உங்கள் பிள்ளைகள் அலுவலக வாழ்க்கைக்குத் தயாராகிவிட்டார்கள்.

வரைகோடு

நான் ஆசிரியர் இல்லை, பத்திரிகைக்குத் தகவல்படம் வரைகிறவன். அந்தப் பெண் சொன்ன ஒரே வரியில் விஷயம் முழுக்க இருக்கிறது. "எண்ணை மட்டும் மாற்றினேன்." எதைப் பெரிதாகக் காட்டுவது, எதன் பக்கத்தில் எதை வைப்பது, எதை விட்டுவிடுவது, இதுதான் எங்கள் வேலையே. டெம்ப்ளேட் என்பது யாரோ ஒருவர் வேறு ஏதோ தகவலுக்காக அந்த முடிவுகளை எல்லாம் எடுத்து முடித்த படம். அதைத் திறந்த நொடியிலேயே மாணவர் யோசிக்க வேண்டிய பகுதி தீர்ந்துவிடுகிறது. மிச்சம் இருப்பது நிறம் மட்டும்தான், அதில்தான் அவர்கள் 2 பீரியட் செலவழித்தார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது.

1920-களில் வியன்னாவில் ஓட்டோ நொய்ராத் என்பவர் சாதாரண மக்களுக்குப் புள்ளிவிவரத்தைப் படமாகக் காட்டும் முறை ஒன்றை உருவாக்கினார். பின்னாளில் அதற்கு ஐசோடைப் என்று பெயர். அதன் முதல் விதி: அதிகமான அளவைக் காட்ட உருவத்தைப் பெரிதாக்காதே, அதே உருவத்தை அதிக எண்ணிக்கையில் வரை. இரண்டு மடங்கு என்றால் இரண்டு ஆள், பெரிய ஆள் ஒருவர் இல்லை. அந்தக் குழுவில் கெர்ட் ஆர்ன்ட்ஸ் உருவங்களை வரைந்தார். ஆனால் எனக்கு முக்கியமானவர் மரீ நொய்ராத். எண்களைத் தருபவருக்கும் வரைபவருக்கும் நடுவில் உட்கார்ந்து, இந்தத் தகவலில் சொல்ல வேண்டியது எது, எந்த அமைப்பில் சொன்னால் புரியும் என்று முடிவு செய்வது அவர் வேலை. "உருமாற்றுபவர்" என்றே அந்தப் பொறுப்புக்குப் பெயர் வைத்திருந்தார்கள். வகுப்பில் மாணவர் செய்ய வேண்டியது மரீயின் வேலை. உங்கள் வகுப்பில் அதை டெம்ப்ளேட் செய்துவிட்டது.

உங்கள் நீர் பாடத்தையே எடுத்துக்கொள்வோம். சதுரக் கட்டத் தாளில் 1000 கட்டம் வரையச் சொல்லுங்கள். பூமியின் மொத்த நீர் அதுதான். நன்னீர் சுமார் 2.5% என்றால் 25 கட்டம். மீதி 975 கட்டம் உப்பு. அந்த 25-இல் கிட்டத்தட்ட 17 கட்டம் பனிப்பாறையும் பனிமலையும். ஏழரை கட்டம் நிலத்தடி நீர். ஆறு, ஏரி, மண்ணின் ஈரம், உறைமண்ணில் இருப்பது என்று மிச்சம் எல்லாவற்றையும் சேர்த்தால் ஒரு கட்டத்தில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. அந்தத் துணுக்கை எப்படி வரைவது என்று பிள்ளைகள் தலையைச் சொறிவார்கள் பாருங்கள், பாடம் அங்கேதான் நடக்கும்.

மணிச்சத்தம்

அப்படியானால் கருவியே வேண்டாம், பழைய சார்ட் பேப்பரே போதும் என்றுதானே ஆகிறது? 25 வருடமாகக் கணக்கு சொல்லிக்கொடுக்கிறேன். ஸ்கெட்ச் பேனாவில் பார் வரைபடம் வரைந்த பிள்ளைக்கு அளவுகோல் என்றால் என்ன என்று தெரியும், ஏனென்றால் அவன் கையால் அளந்தான். இப்போது எண்ணைத் தட்டினால் பார் தானாக வருகிறது. அச்சு எங்கே தொடங்குகிறது என்று கேட்டால் முழிக்கிறான்.

ஏட்டுச்சுரைக்காய்

மணிச்சத்தம் ஐயா, பாதி ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இங்கே இரண்டு விஷயம் கலந்து கிடக்கிறது. ஆசிரியர் செய்து காட்டும் படம் வேறு, மாணவர் செய்யும் படம் வேறு.

ஆசிரியர் செய்வதற்கு ஆய்வு நிறையவே இருக்கிறது. சொல்லும் படமும் சேர்ந்து வந்தால் நினைவில் இரண்டு வழியாகப் பதியும் என்று ஆலன் பைவியோ 1971-இல் எழுதினார். ஒரே நேரத்தில் மனம் தாங்கும் சுமைக்கு வரம்பு உண்டு என்பதை வைத்து ஜான் ஸ்வெல்லர் 1988-இல் தன் கோட்பாட்டை முன்வைத்தார். ரிச்சர்ட் மேயர் பல வருடச் சோதனைகளில் காட்டியதை நடைமுறைத் தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: பாடத்துக்குச் சம்பந்தமில்லாத அழகான படத்தைச் சேர்த்தால் கற்றல் குறைகிறது, படத்தை விளக்கும் சொல் படத்தின் பக்கத்திலேயே இருந்தால் கூடுகிறது. ஓரத்து அலையும், சிரிக்கும் சூரியனும், மூலையில் நிற்கும் உலக உருண்டையும் முதல் வகை. விளக்கக் குறிப்பைக் கீழே தனிப் பெட்டியில் போட்டு நிறம் பார்த்துத் தேட வைப்பது இரண்டாவது விதிக்கு எதிரானது. பெரும்பாலான டெம்ப்ளேட்டுகள் இரண்டையும் செய்கின்றன.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். "சில பிள்ளைகள் பார்த்துக் கற்பவர்கள், அவர்களுக்கு இன்ஃபோகிராஃபிக்" என்று பயிற்சிகளில் சொல்வார்கள். கற்றல் பாணிக்கு ஏற்பச் சொல்லிக்கொடுத்தால் பலன் கூடும் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று 2008-இல் ஹரோல்ட் பாஷ்லர் உள்ளிட்ட நால்வர் ஆய்வுகளை அலசிச் சொன்னார்கள். படம் எல்லோருக்கும்தான் உதவும், அதற்கேற்ற விஷயமாக இருந்தால். பரப்பளவு, வரிசை, உறுப்புகளின் அமைப்பு, காலக்கோடு இவற்றுக்குப் படம் சரி. "நேர்மை" என்ற தலைப்புக்கு இன்ஃபோகிராஃபிக் கேட்டால் கைகுலுக்கும் ஐகான்தான் வரும்.

மாணவர் செய்யும் படத்தில் பலன் படத்தில் இல்லை, அதைச் செய்ய அவர்கள் எடுத்த முடிவுகளில் இருக்கிறது. ஆகவே, தாளில் தொடங்கிக் கருவியில் முடியுங்கள்.

வரைகோடு

மணிச்சத்தம் சொன்ன அச்சு விஷயம் ரொம்ப முக்கியம். ஒரு வகுப்பின் சராசரி 48, இன்னொன்றின் சராசரி 52 என்று வையுங்கள். அச்சை 45-இல் தொடங்கினால் முதல் பார் 3 அலகு உயரம், இரண்டாவது 7 அலகு. பார்க்கிறவர் கண்ணுக்கு இரண்டு மடங்குக்கும் மேல். உண்மையில் 4 மதிப்பெண் வித்தியாசம். இதை மாணவர்களே இரண்டு விதமாகவும் செய்து பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க, தாளில் அரை மணி நேரம் ஆகும். கருவியில் 10 விநாடி. கருவி வெல்லும் இடம் இது: ஒரே தகவலைப் பலமுறை மாற்றிப் பார்ப்பது.

வட்டமும் அப்படித்தான். "இரண்டு மடங்கு" என்று காட்டப் பிள்ளைகள் ஐகானின் மூலையைப் பிடித்து அகலத்தை இரண்டு மடங்கு இழுப்பார்கள். உயரமும் கூடவே இரண்டு மடங்காகும். பரப்பு நான்கு மடங்காகிவிடும். கணக்கு ஆசிரியர்களுக்கு இது தானாக வந்து மடியில் விழுந்த பாடம்.

மணிச்சத்தம்

சரி, அந்த மூலை இழுப்பு எனக்குப் பிடித்திருக்கிறது. நாளைக்கே செய்கிறேன்.

நூலகப்பூனை

செய்ய வைப்பதற்கு முன் படிக்க வைக்கலாமே? ஒரு நல்ல படத்தையும் ஒரு மோசமான படத்தையும் கொடுத்து 20 நிமிடம் கேள்வி கேட்கச் சொல்வேன். எனக்குப் பிடித்தது ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் 1858-இல் வெளியிட்ட படம். கிரிமியப் போரில் இறந்த வீரர்களின் கணக்கு. வட்டத்தை மாதவாரியாகத் துண்டு போட்டு, நீலம் தடுக்கக்கூடிய நோய்களால் இறந்தவர்கள், சிவப்பு காயங்களால், கறுப்பு மற்ற காரணங்களால். நீலம்தான் படத்தை நிரப்பி நிற்கும். "போரில் எதனால் அதிகம் பேர் இறந்தார்கள்?" என்று முதலில் கேட்டுவிட்டுப் படத்தைக் காட்டுங்கள். குண்டு, வாள் என்றுதான் சொல்வார்கள்.

அதே படத்தில் குறையும் உண்டு. அளவு துண்டின் பரப்பில் இருக்கிறது, கண்ணோ நீளத்தைப் பார்க்கிறது. "இதையே பார் வரைபடமாகப் போட்டால் இன்னும் தெளிவா?" என்று ஒரு பெண் கேட்டாள். பார் வரைபடம் அப்போதே இருந்தது, வில்லியம் பிளேஃபேர் 1786-இலேயே வெளியிட்டுவிட்டார். அப்படியும் நைட்டிங்கேல் ஏன் இதைத் தேர்ந்தெடுத்தார் என்று அந்த வகுப்பு மணி அடிக்கும்வரை சண்டை போட்டது. ஜான் ஸ்னோவின் 1854 லண்டன் காலரா வரைபடமும் இப்படிக் கேள்வி கேட்கத் தோதானது. இறப்புகளைத் தெருவாரியாகக் குறித்தபோது ஒரு குடிநீர்ப் பம்பைச் சுற்றி அவை குவிந்திருந்தன.

கொம்புக்கால்

யாரும் தமிழைப் பற்றிப் பேசவில்லையே! எங்கள் அவஸ்தையே அங்கேதான். ஒரு கருவியில் திரையில் "கொசு" என்று ஒழுங்காகத் தெரிந்தது. பிடிஎஃப் ஆக இறக்கி அச்செடுத்தால் கொம்பு தனியாக, க தனியாக, கால் தனியாக நின்றது. 40 பிரதி அச்சான பிறகுதான் பார்த்தேன். டெங்கு விழிப்புணர்வு சுவரொட்டி, தலைப்பிலேயே கொசு கைகால் பிய்ந்து கிடந்தது.

கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். பழைய எழுத்துரு முறையில் தட்டியதை அப்படியே ஒட்டினால் குப்பையாக வரும், முதலில் யூனிகோடுக்கு (எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறை) மாற்றுங்கள். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், கட்டமரன், ஹிந்த் மதுரை போன்ற யூனிகோடு எழுத்துருக்கள் இலவசம். ஒரு பக்கத்தை மட்டும் இறக்கிப் பார்த்து, கொ, கௌ, ணை, ஸ்ரீ எல்லாம் சரியா என்று பார்த்த பிறகே மிச்ச வேலை. பிடிஎஃப் உடைந்தால் பிஎன்ஜி என்ற படக்கோப்பாக இறக்குங்கள், ஆனால் அளவு போதுமா என்று பாருங்கள். ஏ4 தாளில் 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) தரத்தில் அச்சிட 2480 × 3508 பிக்சல் வேண்டும். திரைக்கு என்று செய்த சின்னப் படத்தை இழுத்துப் பெரிதாக்கினால் எழுத்தெல்லாம் பஞ்சுபோல் ஆகிவிடும்.

இன்னொன்று, டெம்ப்ளேட்டின் பெட்டிகள் ஆங்கிலச் சொல்லின் நீளத்துக்கு அளந்தவை. "ஒளிச்சேர்க்கை" எப்படியோ அடங்கும். "நீராவிப்போக்கு நடைபெறும்போது" என்று எழுதினால் பெட்டியை உடைத்துக்கொண்டு வெளியே வரும். பிள்ளைகள் உடனே எழுத்தைச் சின்னதாக்குவார்கள். சின்னதாக்காதே, சொல்லைக் குறை என்று சொல்லுங்கள். "நீராவிப்போக்கு" மட்டும் போதும், மிச்சத்தை அம்புக்குறி சொல்லிவிடும்.

வரைகோடு

பிய்ந்த கொசு! நல்ல விழிப்புணர்வுதான்.

புதுவரவு

எல்லோரும் இவ்வளவு சொல்கிறீர்கள், கடைசியில் எந்தக் கருவி நல்லது?

ஏட்டுச்சுரைக்காய்

எதற்கு என்பதைப் பொறுத்தது. எண்கள் முக்கியம் என்றால் டேட்டாராப்பர். அட்டவணையை ஒட்டினால் வரைபடம் வந்துவிடும், நிறக்குருடு உள்ளவருக்கு எப்படித் தெரியும் என்று சோதிக்கும் வசதியும் உள்ளேயே இருக்கிறது. வழக்கமில்லாத வரைபட வகைகளைத் தொட்டுப்பார்க்க ரா-கிராஃப்ஸ்: திறந்த மூலம், கணக்கு தொடங்க வேண்டாம், நீங்கள் ஒட்டும் தகவல் உங்கள் உலாவியிலேயே இருக்கும். பிள்ளைகளின் சொந்தத் தகவலை வைத்துச் செய்யும்போது இது பெரிய நிம்மதி. சுவரொட்டி மாதிரி படமும் எழுத்தும் கலந்து வேண்டும் என்றால் கேன்வா, பிக்டோசார்ட், வெங்கேஜ் எல்லாம் ஏறக்குறைய ஒன்றுதான். கேன்வா பள்ளி ஆசிரியர்களுக்கு இலவசக் கல்விக் கணக்கு தருகிறது. கோட்டுக்குக் கோடு நீங்களே வரைய இங்க்ஸ்கேப், ஆனால் பழக ஒரு வாரம் ஆகும்.

என் சொந்தக் கருத்து: முதல் முறைக்கு, பிள்ளைகளுக்கு ஏற்கனவே தெரிந்த ஸ்லைடு மென்பொருளே போதும். வெற்று ஸ்லைடு, மூன்று வடிவம், இரண்டு நிறம். தேட ஒன்றும் இல்லாததால் வேலை நடக்கும்.

கணக்கு தொடங்குவதற்கு முன் வயது விதியைப் படியுங்கள். பல கருவிகளில் 13 வயது வரம்பு உண்டு.

இரவுவிளக்கு

ஒரு சின்னக் குறுக்கீடு. எனக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது. ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் சுமார் 12 பேரில் ஒருவருக்கு இந்த வகைக் குறைபாடு உண்டு என்பார்கள், மற்ற இடங்களில் கொஞ்சம் குறைவு. "பச்சை சரி, சிவப்பு தவறு" என்று வட்டம் மட்டும் போட்ட படங்களை நான் பள்ளிக்காலம் முழுக்க ஊகித்தே படித்தேன். நிறத்தோடு ஒரு சொல்லோ கோடோ புள்ளியோ சேருங்கள், போதும். கறுப்பு வெள்ளையில் ஒரு பிரதி அச்செடுத்துப் பார்த்தாலே எங்கே குழப்பம் என்று தெரிந்துவிடும்.

வெளிர் மஞ்சளில் வெள்ளை எழுத்து யாருக்குமே தெரியாது, அது என் கண்ணின் குறை இல்லை. இணைய அணுகல் நெறிமுறைகளில் சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் நடுவே குறைந்தது 4.5:1 ஒளிர்வு வேறுபாடு கேட்கிறார்கள்.

அப்புறம், படமாகக் கொடுத்த எழுத்தைத் திரைவாசிப்பான் படிக்காது. பார்வையற்ற மாணவர் இருந்தால், படத்தில் உள்ளதைச் சொற்களிலும் ஓர் அட்டவணையிலும் கூடவே கொடுங்கள். அந்தச் சொற்களை எழுதும் வேலையை மற்ற மாணவர்களுக்குக் கொடுத்துப் பாருங்கள். படத்தில் விஷயம் இருக்கிறதா இல்லையா என்பது அங்கே வெளிச்சமாகிவிடும். "அலை, துளி, உருண்டை" என்று எழுதி நிறுத்தினால் அவ்வளவுதான் அதில் இருக்கிறது.

மூன்றாமாண்டு

மாணவன் பக்கத்தில் இருந்து ஒரு முறையீடு. எங்களுக்கும் இன்ஃபோகிராஃபிக் வேலை கொடுக்கிறார்கள். 20 மதிப்பெண்ணில் 10 "தோற்றம்", 5 "படைப்பாற்றல்", மிச்சம் 5 "உள்ளடக்கம்". அப்புறம் ஏன் நிறம் தேட மாட்டோம்? இப்போது பாதிப்பேர் செயற்கை நுண்ணறிவிடம் ஒரு வரி சொல்லி முழுப் படத்தையும் வாங்கிவிடுகிறார்கள். என் நண்பன் வாங்கிய படத்தில் இதயத்துக்கு ஐந்து அறை, தமிழ் எழுத்து பாதி தமிழ் மாதிரி. தோற்றத்துக்கு முழு மதிப்பெண்.

நூலகப்பூனை

தம்பி சொல்வது நியாயம். நான் மதிப்பெண்ணை மாற்றிவிட்டேன். படத்தோடு அரைப் பக்கம் எழுதித் தர வேண்டும்: எதை விட்டாய், ஏன் விட்டாய், இந்த எண் எங்கே கிடைத்தது. பாதி மதிப்பெண் அதற்கு. தோற்றத்துக்கு "தூரத்தில் இருந்து படிக்க முடிகிறதா" என்ற ஒரே கேள்வி. ஐந்து அறை இதயத்தைக் கொண்டுவந்தவனிடம் ரத்தம் எந்த வழியாகப் போகிறது என்று விரலை வைத்துக் காட்டச் சொன்னால் போதும், திட்டவே வேண்டாம்.

சுண்ணக்கட்டி

இரண்டு வாரம் கழித்து வருகிறேன். பக்கத்து வகுப்புக்கு அதே நீர் பாடத்தை மாற்றிச் செய்தேன்.

முதல் பீரியட் கணினியே இல்லை. நான்கு பேருக்கு ஒரு கட்டத் தாள், வரைகோடு சொன்ன 1000 கட்டம். 975 கட்டம் நிழலிடுவது அலுப்பு, ஒரு குழு 300-இலேயே "இவ்வளவு உப்பா" என்று புலம்ப ஆரம்பித்தது. அந்தப் புலம்பலை எந்த 97% துளியும் தராது. ஏழரை கட்டத்தில் அரையைக் குறுக்கே வெட்டுவதா, நெடுக்கே வெட்டுவதா என்று ஒரு சண்டை. ஒரு பையன் கேட்டான்: "பனிப்பாறையை யாரும் குடிப்பதில்லையே டீச்சர், அதை ஏன் நன்னீரில் சேர்க்கிறோம்?" அந்தக் கேள்விக்கே கால் மணி நேரம் போனது. மூன்றாவது பீரியடில்தான் கணினி, வெற்றுப் பக்கம், இரண்டு நிறம்.

படங்கள் போன தடவை மாதிரி அழகாக இல்லை. ஒரு குழு மூன்றில் ஒரு பங்குக் கட்டத்தை மட்டும் தனியாக எடுத்துப் பக்கம் முழுக்கப் பெரிதாக்கி, உள்ளே "ஆறு, ஏரி எல்லாம் இதற்குள்" என்று எழுதி, மூலையில் பழைய 1000 கட்டத்தைச் சின்னதாக வைத்தது. டெம்ப்ளேட்டில் இது கிடைக்காது. சரியாக வராததையும் சொல்கிறேன்: கணினியில் நான்கு பேரில் மவுஸ் பிடித்தவர்தான் வேலை செய்தார், மற்ற மூவர் ஜன்னலைப் பார்த்தார்கள். அடுத்த முறை இருவர் இருவராகத்தான்.

அடுத்தது சூரியக் குடும்பம். சூரியனும் பூமியும் சரியான அளவில், சரியான தூரத்தில் ஒரே படத்தில் வர வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். எந்தக் கருவி தோது?

மணிச்சத்தம்

டீச்சர், கணக்கைப் போட்டுப் பார்த்தீர்களா? பூமியின் விட்டம் 12,756 கிலோமீட்டர், அதை 1 செ.மீ. என்று வைத்தால் சூரியன் 109 செ.மீ. இடையில் உள்ள 15 கோடி கிலோமீட்டர் கிட்டத்தட்ட 117 மீட்டர் ஆகிறது.

சுண்ணக்கட்டி

117 மீட்டரா! எங்கள் மைதானமே அவ்வளவு நீளம் இல்லை. பூமியை அரை செ.மீ. ஆக்கிவிடுகிறேன்.

கடைசிபெஞ்ச்

பூமிக்கு ஒரு மிளகு போதும். சூரியனாக நிற்க உங்கள் மேசையை அனுப்புங்கள்.